கல்லூரி நூலக இணையதளத்தை மாணவர்களை வைத்துச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான கல்லூரிகளில் நூலகத்தைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரு கூகுள் ஃபார்ம் வரும். ‘நூலக இணையதளம் பயனுள்ளதாக இருக்கிறதா?’ என்று கேட்டு நன்று, மிக நன்று, சிறப்பு என்று மூன்று வட்டங்கள் இருக்கும். வகுப்பே வரிசையாக ‘மிக நன்று’ என்று தட்டிவிட்டுப் போகும். அது வரைபடமாகி, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான கோப்பில் நான்காவது அளவுகோலின் கீழ் பத்திரமாக அமர்ந்துவிடும்.

அந்தப் படிவத்தை நிரப்பிய அதே மாணவரிடம் போனைக் கொடுத்து, ‘போன நவம்பர் செமஸ்டர் கொஸ்டின் பேப்பரை நூலகத் தளத்திலிருந்து எடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் அவர் கல்லூரியின் முகப்பிலேயே நிற்பார். ‘மிக நன்று’ என்று சொன்னது பொய்யில்லை. அவர் அந்தத் தளத்தை இதுவரை திறந்ததில்லை, அவ்வளவுதான்.

மாணவரிடம் அபிப்பிராயம் கேட்காமல், ஒரு வேலையைக் கொடுத்து, அவர் அதைச் செய்வதை வாய்மூடிப் பார்ப்பதுதான் பயன்பாட்டுச் சோதனை. யூசபிலிட்டி டெஸ்ட் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் இதற்கு ஆய்வகமோ செலவோ வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மாணவரின் கையில் இருக்கும் போன் போதும். தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகர்களை மனத்தில் வைத்து, படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எதைச் சோதிக்கப்போகிறோம்?

‘நூலக இணையதளம்’ என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, நடைமுறையில் அது நான்கைந்து தளங்களின் ஒட்டு. கல்லூரித் தளத்துக்குள் ‘வசதிகள்’ என்ற தலைப்பின் கீழ், விளையாட்டு மைதானத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில், நூலகப் பக்கம் ஒன்று இருக்கும். அங்கிருந்து ஓபேக்குக்கு, அதாவது நூலகப் புத்தகங்களைத் தேடும் இணையப் பட்டியலுக்கு, ஒரு இணைப்பு. ஓபேக் பெரும்பாலும் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடும். கேள்வித்தாள்களும் ஆய்வேடுகளும் டிஸ்பேஸ் என்ற ஆவணக் களஞ்சிய மென்பொருளில் இருக்கும், அல்லது யாரோ பகிர்ந்த கூகுள் டிரைவில். மின் இதழ்களுக்கு, கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் என்ற பொதுச் சந்தாத் திட்டம். அரசுக் கல்லூரியென்றால் 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் சேர்ந்துகொண்டது. அதில் மட்டும் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தோற்றம், தனி லாகின்.

மாணவர் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்தத் தளங்களுக்கு உள்ளே அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில். அதனால் ஓபேக்கை மட்டும் திறந்துவைத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. சோதனை கல்லூரியின் முகப்பிலிருந்தோ, இன்னும் உண்மையாக, கூகுளிலிருந்தோ தொடங்க வேண்டும்.

ஒரு தாளில் இந்தத் தளங்கள் எல்லாவற்றையும் வரைந்து, எதெதை நீங்களே மாற்ற முடியும், எதற்குக் கல்லூரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் போக வேண்டும், எது யார் சொன்னாலும் மாறாது என்று மூன்று நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளை அலசும்போது இந்தத் தாள் மறுபடி வேண்டியிருக்கும்.

கேள்விகள் கவுண்டரில் கிடக்கின்றன

எதைச் செய்யச் சொல்வது என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால், நமக்குப் பெருமையான வசதிகளைத்தான் சோதிப்போம். இரண்டு வாரத்துக்குக் கவுண்டரில் ஒரு நோட்டை வையுங்கள். மாணவர்கள் வந்து கேட்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஊழியர் எழுதிவைக்கட்டும். ‘சார், இந்த புக் வேற காப்பி இருக்கா?’, ‘மேடம், ஃபைன் எவ்ளோ ஆயிருக்கு?’, ‘சனிக்கிழமை லைப்ரரி உண்டா?’, ‘நோ டியூஸுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?’, ‘என்-லிஸ்ட் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு’. இதில் தளத்திலேயே பதில் இருந்தும் கவுண்டர் வரை நடந்துவந்த கேள்விகள்தான் உங்கள் சோதனைக்கான மூலப்பொருள்.

கோஹாவில் ஓபேக்கின் தேடல் பதிவுகளை எடுக்க முடிந்தால் அதையும் பாருங்கள். முடிவே வராத தேடல்கள் என்னென்ன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேலைகளை எழுதுவது

சோதனை சரியாக வருவதும் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

வேலையைச் சொல்லும் வாக்கியத்தில் தளத்தில் இருக்கும் சொல் வரக் கூடாது என்பது முதல் விதி. ‘ஓபேக்கில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நூலைத் தேடவும்’ என்று எழுதினால், மாணவர் ‘ஓபேக்’ என்ற எழுத்துகளைப் பக்கத்தில் தேடிப்பிடித்து அமுக்குவார். ஓபேக் என்றால் என்னவென்றே தெரியாமல் வெற்றி பெற்றுவிடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்துக்கு ஒரு புத்தகம் வேண்டும். இப்போது நூலகத்துக்கு வந்தால் கையில் கிடைக்குமா, எந்த இடத்தில் இருக்கும் என்று கண்டுபிடியுங்கள்.’ இப்போதுதான் நிஜமான தடுமாற்றம் வெளியே வரும்.

அடுத்தது, சூழ்நிலை அவர்களுடையதாக இருக்க வேண்டும். ‘ஒரு ஆய்வாளர் பருவ இதழ் ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்’ என்றால் இளங்கலை மாணவருக்கு அது யாரோ ஒருவருடைய கதை. ‘செமினாருக்கு நிலத்தடி நீர் மாசு பற்றிப் பேசப்போகிறீர்கள். விக்கிபீடியா கூடாது, ஜர்னல் கட்டுரை வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். இன்று இரவு வீட்டிலிருந்து எடுக்க வேண்டும்’ என்பது அவருக்கு நடந்திருக்கும்.

கலை அறிவியல் கல்லூரி ஒன்றுக்குப் பொருந்தும் வேலைகள் சில. அப்படியே எடுக்காமல் உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

- நீங்கள் எடுத்த புத்தகத்தை நாளை திருப்ப வேண்டும். ஊருக்குப் போகிறீர்கள். ஃபைன் விழாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா?
- உங்கள் பாடத்தின் இரண்டு வருடப் பழைய கேள்வித்தாள்கள் வேண்டும்.
- எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு, இதே தலைப்பில் யாராவது ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.
- வருகிற சனிக்கிழமை மாலை நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முடியுமா?
- சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய புத்தகம் ஏதாவது நம் நூலகத்தில் இருக்கிறதா?

மூன்றாவது வேலைக்குப் போக வேண்டிய இடம் சோத்கங்கா. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின் வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று யுஜிசி 2009இல் விதி கொண்டுவந்த பிறகு நாடு முழுதும் உள்ள ஆய்வேடுகள் அங்கே குவிகின்றன. ‘ப்ராஜெக்ட்’ என்ற சிந்தனையோடு வரும் மாணவருக்கு அந்த வடமொழிப் பெயர் எதையும் உணர்த்தாது. அவர் அதன்மேல் விரலை வைக்காமலே கடந்துபோவதைப் பார்ப்பீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எது வெற்றி என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். புத்தகத்தின் பெயர் திரையில் வந்தால் போதுமா, இல்லை அலமாரி எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டுமா? நான் இன்னும் ஒரு படி போவேன். வாய்ப்பிருந்தால் எழுந்துபோய் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். திரையில் 005.73 என்று பார்த்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும் மாணவர் காட்டும் குறையை எந்த ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் காட்டாது.

ஒருவருக்கு ஐந்தாறு வேலை போதும். முதல் வேலை எளிதாக இருக்கட்டும், பதற்றம் குறையும். ஒரு வேலைக்கு அதிகபட்ச நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போராடியவரை அதற்கு மேல் வாட்டக் கூடாது.

யாரை அழைப்பது, எத்தனை பேரை?

‘ஐந்து பேர் போதும்’ என்ற வாக்கியத்தை எங்காவது படித்திருப்பீர்கள். அதற்கு மூலம் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டாவரும் 1993இல் செய்த கணக்கு. ஒரு குறை ஒரு பயனரின் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31% என்று எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85% குறைகள் வெளிவந்துவிடும். 2000இல் நீல்சன் இதை எளிமையாக எழுதிய பிறகு அது வேதவாக்கு ஆகிவிட்டது.

கணக்கு சரிதான். ஆனால் அந்த 31% உங்கள் தளத்துக்கும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் குறை என்றால், ஐந்து பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு 41% மட்டுமே. அதைவிட முக்கியம், ஐந்து பேரும் ஒரே வகையினராக இருப்பார்கள் என்பது அந்தக் கணக்கின் அடியில் இருக்கும் அனுமானம். கல்லூரி அப்படியில்லை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஜூலையில் வந்துசேர்ந்த முதலாண்டு மாணவியும், மூன்றாவது வருடமாக ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவரும் இரண்டு வேறு உலகம்.

எனவே ஐந்தைந்து பேராகச் சுற்றுகளாக நடத்துங்கள். இளங்கலைக்கு ஐந்து பேர், கண்டதைத் திருத்தியபின் முதுகலைக்கும் ஆய்வுக்கும் ஐந்து பேர். ஒரேயடியாக இருபது பேரை உட்காரவைத்தால், ஆறாவது ஆளிலிருந்து அதே இடத்தில் அதே தடுமாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆள் பிடிக்கும்போது நம் கை தானாகப் போகும் இடங்கள் சில உண்டு: தினமும் நூலகத்துக்கு வரும் மாணவர், வகுப்புத் தலைவர், ‘கம்ப்யூட்டரில் கெட்டி’ என்று துறைத்தலைவர் அனுப்பும் பையன். இவர்களைத் தவிருங்கள். நூலகத்துக்கே வராத டே ஸ்காலர்தான் உங்களுக்கு வேண்டும். அவரைக் கேன்டீனிலோ பஸ் நிறுத்தத்திலோதான் பார்க்க முடியும். அரை மணி நேரம் கேட்டு, ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுங்கள். இன்டர்னல் மார்க்கை மட்டும் ஆசை காட்டாதீர்கள். மார்க் என்று வந்துவிட்டால் அது தேர்வு, அப்புறம் யாரும் தடுமாற்றத்தை மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் கல்லூரியில் இருந்தால் அவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல அவர் தினமும் பயன்படுத்தும் கருவியோடு, அது கணினியில் என்விடிஏவாக இருக்கலாம், ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்காக இருக்கலாம், வரச் சொல்லுங்கள். ‘இங்கே கிளிக் செய்க’ என்று வரிசையாகப் பத்து இணைப்பு வைத்திருக்கும் பக்கத்தை அந்தக் கருவி வாசிப்பதை ஒருமுறை காதால் கேட்டுவிட்டால், இணைப்புகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் உங்களுக்கு அன்றே மாறிவிடும். நூலகம் ஸ்கேன் செய்து ஏற்றிய கேள்வித்தாள் பிடிஎஃப் வெறும் படம் என்பதும், அதை அந்தக் கருவியால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது என்பதும் தெரியவரும்.

நடத்துபவர் நூலகராக இருக்கலாமா?

கூடுமானவரை வேண்டாம். நம் கல்லூரிகளில் நூலகர் என்பவர் ஃபைன் போடுபவர், நோ டியூஸில் கையெழுத்திடுபவர். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு ‘சார், உங்க வெப்சைட் புரியலை’ என்று எந்த மாணவர் சொல்வார்? ‘நல்லா இருக்கு சார், எனக்குத்தான் தெரியலை’ என்றுதான் சொல்வார். நூலக அறிவியல் படிக்கும் முதுகலை மாணவரோ, வேறு துறையின் இளம் ஆசிரியரோ நடத்தட்டும். நூலகர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். அடுத்த அறையிலிருந்து கூகுள் மீட் வழியாகத் திரையை மட்டும் பார்த்தால் இன்னும் நல்லது.

வேறு ஆள் இல்லை, நீங்களேதான் என்றால், இடத்தையாவது மாற்றுங்கள். நூலகர் அறையின் மேஜைக்கு எதிரில் அல்லாமல், வாசிப்புக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்.

முன்னேற்பாடு

போனில் நடத்துங்கள், அதுவும் மாணவருடைய போனில். நூலகக் கணினியின் பெரிய திரையில் அழகாக விரியும் மெனு, போனில் மூன்று கோடாகச் சுருங்கி மூலையில் ஒளிந்துகொள்ளும். மாணவர்களுக்குத் தெரிந்த தளம் அந்தப் போன் வடிவம்தான். ஸ்கிரீன் ரெக்கார்டிங் வசதி ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே இருக்கிறது. ரெக்கார்டிங் தொடங்கும் முன் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் நம் கோப்பில் பதிவாகக் கூடாது.

இன்னொன்று அடிக்கடி விட்டுப்போகிறது: கல்லூரி வைஃபையில் சோதிக்கக் கூடாது. பல மின் இதழ்கள் கல்லூரியின் ஐபி முகவரியைப் பார்த்து, லாகின் கேட்காமலே திறந்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரித் தோன்றும். அதே மாணவர் இரவு வீட்டிலிருந்து திறந்தால் கட்டுரைக்குப் பதிலாக டாலரில் விலை வரும். அதனால் ‘வீட்டிலிருந்து’ என்று தொடங்கும் வேலைகளுக்கு மொபைல் டேட்டா கட்டாயம்.

கோஹாவில் ஒரு போலி உறுப்பினர் கணக்கு தொடங்கி, அதன் பேரில் இரண்டு புத்தகம் இஷ்யூ செய்து, ஒன்றின் தவணையை நாளைக்கு வையுங்கள். புதுப்பிக்கும் வேலையை இந்தக் கணக்கில் செய்யச் சொன்னால், மாணவரின் சொந்தப் பட்டியலோ பழைய ஃபைனோ யார் கண்ணிலும் படாது. ஓபேக் வழியாகப் புதுப்பிக்க உங்கள் கோஹாவில் அனுமதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இயக்காமல் வைத்துவிட்டு மாணவரைத் தேடவிடுவது நியாயமில்லை.

பதிவு செய்வதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று தமிழில் அரைப் பக்கம் போதும். முதலாண்டில் பதினேழு வயதுக்காரர்கள் இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கருதி, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைப் பதிவு இல்லாமல், பெயர் இல்லாமல், வெறும் கைக்குறிப்போடு சோதித்துவிடுவது எளிது.

இவ்வளவும் தயாரானதும் ஒரே ஒரு ஆளை வைத்து ஒத்திகை பாருங்கள். எழுதிய வேலைகளில் ஒன்றாவது குழப்பமாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

சோதனை நேரம்

தொடக்கத்தில் சொல்வதை எழுதிவைத்து, எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். எழுத்துத் தமிழில் வாசித்தால் அறை இறுகிவிடும். பேசுகிற மாதிரி இருக்கட்டும்:

‘வந்ததுக்கு நன்றி. நாங்க லைப்ரரி வெப்சைட்டைச் சோதிக்கிறோம், உங்களை இல்லை. நீங்க எங்க மாட்டிக்கிட்டாலும் அது வெப்சைட்டோட குறை. இதை நான் செய்யலை, அதனால திட்டினாலும் எனக்கு வருத்தம் கிடையாது. செய்யும்போது மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க. தமிழோ, இங்கிலீஷோ, ரெண்டும் கலந்தோ, எப்படி வேணாலும். எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்.’

வாய்விட்டு யோசிப்பது யாருக்கும் இயல்பாக வராது. முதலில் வேறு எதையாவது, ஊருக்கு பஸ் டிக்கெட் பார்ப்பதை, பேசிக்கொண்டே செய்யச் சொல்லிப் பழக்குங்கள். மாணவர் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று திணறினால் நீங்கள் தமிழுக்கு மாறுங்கள், அவரும் மாறிவிடுவார். திணறலில் கவனம் போனால் தளத்தைப் பற்றி ஒன்றும் வராது.

வேலைகளைத் தனித்தனிச் சீட்டில் அச்சிட்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கொடுத்த பிறகு உங்கள் வேலை சும்மா இருப்பது. சொல்வது எளிது, செய்வது கஷ்டம். ஆசிரியர் குணம் நம்மை விடாது. மாணவர் தவறான மெனுவைத் திறந்ததும் நம் விரல் தானாக நீளும். கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கேட்பார்கள். அப்போது பதில் சொல்லாமல், மரியாதைக் குறைவும் இல்லாமல் திருப்பிவிட வேண்டும்:

‘இதை அமுக்கலாமா சார்?’
‘அமுக்கினா என்ன வரும்னு நினைக்கிறீங்க?’
‘புக் லிஸ்ட் வரும்னு…’
‘சரி, நான் இல்லைன்னா என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க.’

‘சரியா வந்துட்டேனா?’ என்று கேட்டால், ‘உங்களுக்கு வேண்டியது கிடைச்சிருச்சா?’ என்று கேளுங்கள். தவறான பக்கத்தில் நின்றுகொண்டு ‘கிடைச்சிருச்சு’ என்று சொல்பவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள். தெரியாமல் நின்றவர் கவுண்டருக்கு வந்து கேட்பார். தப்பான பதிலோடு திருப்தியாகப் போனவர் வரவே மாட்டார்.

பாதியில் தளத்தை விட்டுவிட்டு கூகுளுக்குப் போனால் தடுக்காதீர்கள். அதுதான் அவருடைய நிஜமான வழி. எந்த நொடியில், எதைப் பார்த்த பிறகு போனார் என்று குறியுங்கள். கூகுள் வழியாகவே உங்கள் கேள்வித்தாள் பக்கத்துக்கு வந்துசேர்ந்தால் அதை வெற்றி என்றே எழுதுங்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு.

குறிப்பெடுப்பவருக்கு ஒரு தாளில் நான்கு பத்தி போதும்: முதல் கிளிக் எங்கே, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, எங்கே திரும்பினார், முடிவு என்ன. ‘குழம்பினார்’ என்று எழுதாதீர்கள். ‘இ-ரிசோர்சஸ் திறந்தார், மேலும் கீழும் இரண்டு முறை தள்ளினார், "இதுல எது?" என்றார்’ என்று எழுதினால்தான் பிறகு பயன்படும். முதல் கிளிக்கைத் தவறாமல் குறியுங்கள். அது சரியாக விழுந்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் மதிப்பெண் வாங்க ஆசையிருந்தால் சஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. 100க்குக் கணக்கிடுவார்கள், 68ஐச் சராசரி என்பார்கள். ஐந்து பேரின் சஸ் மதிப்பெண்ணை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். அறிக்கையில் ஒரு எண் இருந்தால் நிர்வாகத்துக்குப் பிடிக்கும் என்பதைத் தாண்டி, இந்த அளவில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் ‘எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது?’ என்று கேட்பது மேல்.

தமிழ் நூலைத் தேடும்போது

சிலப்பதிகாரத்தைத் தனி வேலையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பல நூலகங்களின் தமிழ்ப் பதிவுகள் மூன்று காலத்து மிச்சங்களின் கலவை. பழையவை ரோமன் எழுத்தில், நூலகத் துறையின் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி இருக்கும். நடுக்காலத்தவை யூனிகோட் அல்லாத ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டப்பட்டு, இப்போது திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். புதியவை யூனிகோடில் இருக்கும்.

மாணவரோ போனில் தங்லிஷில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில், தட்டுவார், அல்லது தமிழ் விசைப்பலகையில். தங்லிஷில் சிலப்பதிகாரத்தின் முதலெழுத்து ‘எஸ்’. எழுத்துப்பெயர்ப்பு முறையில் அது ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. அலமாரியில் பத்துப் பிரதி இருந்தும் ‘முடிவுகள் இல்லை’ என்று வரும். மாணவர் இன்னொரு விதமாக எழுதிப் பார்ப்பார் என்று நாம் நினைக்கிறோம். ‘நம்ம லைப்ரரியில இல்ல போல’ என்று மூடிவிடுவதைத்தான் சோதனையில் பார்ப்பீர்கள்.

இதற்கு மருந்து நூலகரின் கையிலேயே இருக்கிறது. நூல் விவரங்களைக் கணினியில் பதியும் வடிவமான மார்க் பதிவின் 246ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பாகத் தமிழ் யூனிகோட் வடிவத்தையும் மாணவர்கள் தட்டும் ஓரிரண்டு தங்லிஷ் வடிவங்களையும் சேர்த்துவிடலாம். எல்லா நூலுக்கும் ஒரே நாளில் முடியாது. பாடத்திட்டத்தில் இருக்கும் நூல்களிலிருந்து தொடங்குங்கள். எந்தெந்தத் தங்லிஷ் வடிவம் என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், மாணவர்கள் தட்டியது உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது.

அன்று மாலையே உட்காருங்கள்

ஐந்து பேர் முடிந்த அன்றே, பார்த்தவர்கள் அனைவரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு சம்பவம் என்று எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரு குறைக்கு முன்னுரிமை கொடுக்க இரண்டு கேள்வி போதும்: எத்தனை பேர் மாட்டினார்கள், மாட்டியவர்கள் மீண்டுவந்தார்களா? ஒரே ஒருவர் மாட்டியிருந்தாலும், அவருக்கு வேலையே நின்றுபோயிருந்தால் அது மேலே வரும்.

பிறகு மூன்று நிறத்தாளை எடுங்கள்.

உங்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் பெயர்களும் வரிசையும்தான். அவற்றை மறுநாளே மாற்றலாம். பெயர்கள் சின்ன விஷயம் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக நூலகர் ஜான் குப்பர்ஸ்மித் 2012இல் இப்படிப்பட்ட 51 நூலகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதழ்க் கட்டுரையைக் கண்டுபிடிக்கும் வேலையில் மாணவர்கள் வெற்றி பெற்றது சராசரியாக 52% தான். சுருக்கப் பெயர்களும் ‘டேட்டாபேஸ்’, ‘ரிசோர்ஸ்’ போன்ற துறைச் சொற்களும்தான் அவர்களை அதிகம் தடுக்கின்றன என்பதும் அதில் தெரிந்தது. நம் பக்கங்களில் ஓபேக், என்-லிஸ்ட், டெல்நெட், என்டிஎல்ஐ, ஐஆர் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறோம். ‘புத்தகம் தேட’, ‘கட்டுரை தேட’, ‘பழைய கேள்வித்தாள்’, ‘புத்தகத்தை ரினியூ செய்ய’ என்று மாற்றி, நிறுவனப் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே போடுங்கள்.

இந்த நான்கும் நூலகப் பக்கத்தின் உச்சியில் இருக்கட்டும். நூலகக் குழு உறுப்பினர் பட்டியல், மொத்தப் புத்தகங்களின் எண்ணிக்கை, திறப்பு விழாப் படம் எல்லாம் நாக் குழுவுக்கானவை. அழிக்க வேண்டாம், கீழே இறக்குங்கள்.

கல்லூரித் தள நிர்வாகியிடம் போக வேண்டியவற்றை மொத்தமாக நீட்டாதீர்கள். மிக முக்கியமான இரண்டை மட்டும் எழுதிக் கொடுங்கள். முகப்பில் ‘நூலகம்’ என்று நேரடி இணைப்பு வைப்பது பெரும்பாலும் அதில் ஒன்றாக இருக்கும்.

என்-லிஸ்ட்டை நடத்தும் இன்ஃப்ளிப்நெட்டின் லாகின் பக்கத்தையோ பதிப்பகங்களின் தளத்தையோ நாம் மாற்ற முடியாது. ஆனால் அங்கே போகும் முன் ஒரு வரி எழுதலாம்: ‘அடுத்து வரும் பக்கத்தில் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது, நூலகம் கொடுத்த என்-லிஸ்ட் பயனர் பெயரைக் கொடுக்கவும். மறந்துவிட்டால் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யவும்.’ தாண்டும் இடத்தில் போடும் இப்படி ஒரு வரி, ‘பயனர் கையேடு’ என்று ஏற்றிவைக்கும் முப்பது பக்கப் பிடிஎஃப்பைவிட வேலை செய்யும்.

நிர்வாகத்திடம் கொண்டுபோவது

முதல்வரிடம் இருபது பக்க அறிக்கை கொடுத்தால் அது மேஜையிலேயே இருக்கும். சம்மதம் கொடுத்த ஒரு மாணவரின் திரைப்பதிவிலிருந்து ஒரு நிமிடம் வெட்டி, குரலையும் பெயரையும் நீக்கிக் காட்டுங்கள். சந்தா கட்டியிருக்கும் கட்டுரையை எடுக்க முடியாமல் மாணவர் நான்கு பக்கம் சுற்றிவிட்டு மூடுவதைப் பார்த்தால், கட்டணம் கட்டிய நிர்வாகத்துக்குச் சுருக்கென்று தைக்கும். கூடவே ஒரு பக்கத் தாள்: என்ன குறை, எத்தனை பேர், யார் எப்போதைக்குள் சரிசெய்ய வேண்டும். நான்காவது அளவுகோலுக்கும் இது அந்த ‘மிக நன்று’ வரைபடத்தைவிட நல்ல ஆவணம். குறையைக் கண்டு திருத்தியதற்கான சான்று இதில் இருக்கிறது.

சீகாழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. நூலகச் சுவர்களில் அதை எழுதிவைத்திருக்கிறோம். அலமாரியைத் திறந்துவைப்பதோடு அது முடிந்தது என்று எண்ணி, தளத்தை மறந்துவிடுகிறோம்.

அடுத்த சுற்று

திருத்தங்கள் ஏறியதும், அதே வேலைகளோடு புதிதாக ஐந்து பேரை அழையுங்கள். முதல் சுற்றுக்கு வந்தவர்களை மறுபடி அழைக்கக் கூடாது. அவர்களுக்கு வழி தெரிந்துபோயிருக்கும், தளம் மேம்பட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. வேலைகளின் சொற்களையும் மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டு சுற்றையும் ஒப்பிட முடியாமல் போகும்.

காலம் பார்த்து வையுங்கள். இன்டர்னல் வாரத்திலும் செமஸ்டருக்கு முந்தைய மாதத்திலும் யாரும் வரமாட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து, சீனியர்கள் அவர்களுக்குக் குறுக்குவழி சொல்லிக் கொடுக்கும் முன், ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு சுற்று. ஆய்வு மாணவர்களுக்கு ஜனவரி சௌகரியம். சம்மதப் படிவத்தில் அழிப்பதாகச் சொன்ன தேதியை நூலகக் காலண்டரிலேயே குறித்துவிட்டு, அந்த நாளில் பதிவுகளை அழித்துவிடுங்கள். கைக்குறிப்புகளையும் வேலைச் சீட்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அடுத்த வருடம் பொறுப்புக்கு வருபவர் அங்கிருந்தே தொடங்கலாம்.